ஏரியின் நோய்க்கு மலையில் மருந்து

ஏரி தூர்ந்துவிட்டால் அதன் வண்டலை வாரி வெளியேற்றுகிறோம். வண்டல் வரும் வழியை அடைக்காவிடில், சில ஆண்டுகளில் அது மீண்டும் தூர்ந்துவிடும். ஆகவே ஏரியைக் காக்கும் பணி அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியிலேயே தொடங்குதல் வேண்டும்.

மார்டள்ளி, 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலம் தாலுக்காவில் இருந்த மலைப்பாங்கான ஊர். பின்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. இங்குப் பெய்யும் மழை ஓடைகள் வழியே இறுதியில் காவிரியைச் சேர்கிறது. சரிவுகளில் புல்லும் புதரும் இருப்பின், மழைத்துளியின் தாக்குதலை அவை தாங்குகின்றன. நீர் மெல்ல நிலத்துள் இறங்குகிறது. சரிவு வெறுமையாயின், துளிகள் மண்ணைச் சிதறடிக்க, விரைந்தோடும் நீர் அதனை அடித்துச் செல்கிறது. மேட்டு நிலம் வளம் இழக்கிறது. கீழே உள்ள குளமும் ஆழம் இழக்கிறது.

இவ்வுண்மையை நாடறியச் செய்தது வடநாட்டுச் சிற்றூர் ஒன்று. சண்டிகரில் 1958ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சுக்னா ஏரி விரைவில் தூர்ந்துவந்தது. மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா முதலியோர், வண்டலின் பெரும்பகுதி சுகோமஜ்ரி என்னும் சிற்றூரை அடுத்த மலைச்சரிவுகளிலிருந்து வருவதைக் கண்டனர். அங்கு ஆடுமாடுகள் புல்லை வேரோடு மேய்ந்திருந்தன. ஆயினும் அவையே ஏழை மக்களின் பிழைப்பு. மேய்ச்சலைத் தடுத்தால் அவர்கள் உண்பது எங்ஙனம்?

விடை நீரிலேயே கிட்டியது. 1976இல் தொடங்கி அங்குச் சிறு மண் அணைகள் கட்டப்பெற்றன. தேங்கிய நீரில் நிலமற்றோர் உட்பட ஒவ்வொரு குடும்பத்திற்கும் சமபங்கு என முடிவாயிற்று. அதற்கு ஈடாக மக்கள் தாமே மலையில் மேய்ச்சலை நிறுத்தினர். வேலியின்றியே புல் வளர்ந்தது. வண்டலும் பெருமளவு குறைந்தது. எனினும் பிற்காலத்தில் அம்மலைகளில் பெருகிய தடுப்பணைகள் ஏரிக்கு வரும் நீரையும் குறைத்தன என்பர். ஆதலின் மண்ணைத் தடுக்கும்போது நீர்வரத்தையும் கணக்கிடுதல் அவசியம்.

கரையும் கவனிக்கத்தக்கது. நீர் விளிம்புவரை உழாமல், கோரையும் புல்லும் வளர ஓர் அகன்ற பட்டையை விட்டுவைத்தால், அது வண்டலையும் வயல் உரத்தையும் வடிகட்டும். உரம் மிகுதியாகக் கலந்த நீரில் பாசி பெருகி, அது அழுகும்போது பிராணவாயு குன்றி மீன்கள் மடிகின்றன.

மார்டள்ளி போன்ற ஊர்களில் செய்யத்தக்கவை இவையே: சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு, ஓடையில் அளவறிந்து கட்டிய கல் தடுப்பு, கரையில் புல். இவை நிலைக்க வேண்டுமாயின், மலையைக் காப்போருக்கு அதன் நீரில் பங்கு இருத்தல் வேண்டும்.