சொன்னவர்க்குக் காப்பு

தமிழில் காட்டிக் கொடுத்தல் என்பதும் கோள் சொல்லுதல் என்பதும் இழிசொற்களே. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும் அரசனுக்கு உளவறிந்து உரைப்போர்க்கு ஒற்றாடல் என்றோர் அதிகாரமும் வகுத்தார். தாம் பணிபுரியும் அலுவலகத்தில் பொதுப்பணம் களவாடப்படுவதைக் கண்டு, கூலி கருதாது உரிய இடத்தில் எடுத்துரைப்பவர் இவ்விரண்டிலும் அடங்கார். ஆங்கிலேயர் அவரை ஊதல் ஊதுபவர் என்கின்றனர். அப்படியே பெயர்த்தால் நமக்குப் பேருந்து நடத்துநரே நினைவுக்கு வருகிறார்! முறைகேட்டை வெளிப்படுத்துவோர் என்றே நாம் வழங்குவோம்.

பெயர்சூட்டல் ஒருபுறம் இருக்க, அவருக்கு வேண்டிய முதற்காப்பு தம் பெயர் வெளிப்படாமையே. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, அதில் நிகழ்ந்த ஊழல்களை விரித்து 2002ஆம் ஆண்டு தலைமை அமைச்சருக்கு மடல் எழுதினார். தம் பெயரை மறைத்துக் காக்குமாறு அதிலேயே வேண்டியிருந்தார். மடலோ அவர் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சென்று, இறுதியில் அவர் பணிபுரிந்த ஆணையத்தையே அடைந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறியில் நேர்ந்த கொலை என்றது மத்தியப் புலனாய்வுத் துறை. 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொலையின் நோக்கம் எதுவாயினும், காக்க வேண்டிய பெயரைக் காவாத பிழை அரசைச் சார்ந்ததே என்பது நம் கருத்து.

இதன் பின்னரே, 2004 ஏப்ரலில் நடுவண் அரசு ஒரு தீர்மானம் இயற்றி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தை இத்தகு முறையீடுகளைப் பெறும் இடமாக்கியது. முறையீட்டை ஒட்டிய உறையில் இட்டு அனுப்ப வேண்டும். உறையின்மேல் பெயர் எழுதலாகாது. பெற்றுக்கொண்டதாக ஆணையம் மறுமொழி விடுப்பதும் இல்லை. அம்மறுமொழியே அனுப்பியவரைக் காட்டிவிடக்கூடும் அன்றோ! ஆயினும் உள்ளே பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். மொட்டைக் கடிதங்கள் ஏற்கப்படுவதில்லை. பெயர் ஓரிடத்தில் தெரிந்திருக்க வேண்டும், வேறெங்கும் தெரியலாகாது என்பதே இம்முறையின் நுட்பம்.

தீர்மானம் என்பது சட்டமன்று. பெயரை வெளியிட்டவர்மீது நடப்பிலுள்ள விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்ற அளவிலேயே அது நிற்கிறது. 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற பாதுகாப்புச் சட்டமோ, அக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. அதனினும் சிறந்த கூறு ஒன்று அதில் உண்டு. முறையிட்டவர் இடமாற்றத்திற்கோ வேறு துன்பத்திற்கோ ஆளானால், அது பழிவாங்கல் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். நலிந்த ஊழியர் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வேண்டுமென்றே பொய்யாக முறையிடுவோர்க்கும் அதில் தண்டனை உண்டு, அதுவும் முறையே.

ஆனால் இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை அரசு தனியே அறிவிக்க வேண்டும். ஒப்புதல் பெற்றுப் பத்தாண்டுகள் கடந்தும் அந்நாள் அறிவிக்கப்படவில்லை. 2015இல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதாவும் 2019இல் அவ்வவை கலைந்தபோது காலாவதியாயிற்று. ஆகவே 2004ஆம் ஆண்டுத் தீர்மானமே இன்னும் துணை. அதுவும் நடுவண் அரசையும் அதன் நிறுவனங்களையும் பற்றிய முறையீடுகளுக்கே உரியது. மாநில அரசு அலுவலகம் ஒன்றில் பொய்க்கணக்கைக் காணும் எழுத்தர், இவ்வுறையை ஒட்டி அந்த ஆணையத்திற்கு அனுப்ப வழியில்லை.