அக்கரைச் சம்பளம், இக்கரைச் சோறு
செலவு குறைந்த ஊர் தேடி: பகுதி 6

கம்பத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். கையில் தூக்குச்சட்டியோடு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்கள் கம்பம்மெட்டு ஏறியும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்துக்குப் போகிறார்கள். போடிக்காரர்களுக்குப் போடிமெட்டு. கூலி கேரளத்துக் கூலி. சாயங்காலம் இறங்கி வந்து உலை வைப்பது தமிழ்நாட்டு ரேஷன் அரிசியில், தமிழ்நாட்டு வாடகை வீட்டில். லண்டனில் பென்ஷன் வாங்கிக்கொண்டு மலேசியாவில் வீடு பிடிக்கிறாரே வெள்ளைக்காரர், அவர் போடும் கணக்கும் இதேதான். அவர் தினமும் மலை ஏறி இறங்க வேண்டியதில்லை, அவ்வளவே.

அந்தக் கணக்குக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று ஈப்போ. கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரம். பேராக் மாநிலத்தின் தலைநகர். இருபுறமும் மலை, நடுவே கிந்தா ஆறு. தேனி மாவட்டத்துக்காரருக்கு இந்த நில அமைப்பு புதிதாகத் தெரியாது. மேலே கேமரன் மலையில் தேயிலை, நம் மேகமலையைப்போல. ஆனால் அங்கே மழை வருஷம் முழுக்கப் பெய்யும். மழை பெய்தால்தான் தண்ணீரைக் காட்டும் மூல வைகையின் கரையில், மயிலாடும்பாறையில் வளர்ந்தவருக்குப் பழக்கப்படச் சில மாதங்கள் ஆகும்.

ஈப்போ ஏன் மலிவானது? வெள்ளீயம்தான் காரணம். கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் பெரிய வெள்ளீயச் சுரங்க வட்டாரங்களில் ஒன்று. அந்தப் பணத்தில்தான் மாளிகைகளும், கட்டடக் கலைஞர் ஹப்பேக் வடிவமைத்து 1917இல் திறக்கப்பட்ட வெள்ளை நிற ரயில் நிலையமும் எழுந்தன. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கட்டிய வீடுகள் நின்றன, குடியிருக்க ஆள் குறைந்தது. மலிவான ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. யாரோ பிழைக்க வழியில்லாமல் விட்டுப்போன இடத்தில் வேறொருவருக்கு வாடகை கட்டுப்படியாகிறது.

தமிழருக்கு அங்கே மொழிக் கஷ்டம் குறைவு. புந்தோங் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. முறுக்கு, கடலை வகைகளுக்கு அந்தப் பகுதி நாடெங்கும் பிரபலம். தைப்பூசத்தன்று காவடிகள் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகும். மலேசியா முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசு உதவியோடு நடக்கின்றன. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் ‘வெள்ளி’ என்கிறார்கள். ஒரு ரொட்டி சானாய் ஒன்றரை, இரண்டு வெள்ளி. நம் காசுக்கு முப்பது, நாற்பது ரூபாய். ஆண்டிபட்டியில் அந்தக் காசுக்கு இரண்டு புரோட்டா சால்னாவோடு வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இனி நம் ஊர்க் கணக்கு. மயிலாடும்பாறையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதம் 40,000 ரூபாய் பென்ஷன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியமே 1,700 வெள்ளிதான். ஆக, இழுத்துப் பிடித்தால் கணவனும் மனைவியும் ஈப்போவில் சாப்பிட்டு வாடகை கட்டிவிடலாம்.

சாப்பாட்டில் இல்லை தடை, வாசலில் இருக்கிறது. நீண்ட காலம் தங்க விரும்பும் வெளிநாட்டவருக்காக ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற திட்டத்தை அந்நாட்டு அரசு 2002இல் தொடங்கியது. 2021இல் விதிகள் ஒரேயடியாகக் கடுமையாகின. 2024இல் மூன்று படிகளாக மாற்றியமைத்தார்கள். அடிப்படியான ‘சில்வர்’ படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்பு வேண்டும். சுமார் 1.3 கோடி ரூபாய். அதோடு குறைந்தது ஆறு லட்சம் வெள்ளிக்கு வீடும் வாங்கியாக வேண்டும். அதைப் பத்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது. வைப்புத்தொகையில் பாதியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் மீதிக்கு எங்கே போவது? இத்தனைக்கும் கிடைப்பது ஐந்து ஆண்டு அனுமதி. வேலை பார்க்கவும் உரிமை இல்லை. இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீத வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். பிறகு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவரை கைக்காசு முடங்கும்.

வயதானவருக்கு இன்னொரு கவலை ஆஸ்பத்திரி. மலேசிய அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். அது உள்ளூர்க்காரர் கட்டுவதைவிடப் பல மடங்கு. மயிலாடும்பாறைக்காரருக்கு நெஞ்சு வலித்தால் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காசு வாங்காமல் பார்க்கிறார்கள். எந்த ஊர் மலிவு என்ற பட்டியல்களில் இப்படிப்பட்ட கணக்கு ஏறுவதே இல்லை.

இடம் பார்த்து வந்து ஊரில் சொல்லும் வழக்கம் நமக்குப் பழையது. நூறு ஆண்டுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் கங்காணி. மலாயாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் சொந்த ஊருக்கு வந்து, அங்கே எல்லாம் நல்லபடி என்று சொல்லி, உறவையும் பக்கத்து வீட்டையும் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றுவார். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. காய்ச்சலையும் அட்டைக்கடியையும் அவர் சொல்ல மாட்டார். ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா அருகில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கொத்தனார்களும் கூலிகளும் போனார்கள்; விஷக் காய்ச்சலில் பலர் மாண்டார்கள். தொழிலாளர் கேட்டுக்கொண்டபடி ஸ்மித் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயிலின் கூரையில் இன்றும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். கோட்டை முடியவில்லை, 1926இல் லிஸ்பனில் ஸ்மித் இறந்துபோனார். கங்காணி வழி ஆள் சேர்ப்பை இந்திய அரசு 1938இல் தடை செய்தது.

இன்றைக்கு இரண்டாவது இல்லத் திட்டத்தில் விண்ணப்பம் உரிமம் பெற்ற முகவர் வழியாகவே போக வேண்டும். முகவர் தருவது விதிகளின் விவரம். ஊர் எப்படி இருக்கும் என்பதைப் போகிறவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். 2026 கடைசி வரை இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கிளம்பும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். மதுரை வழியாகத் திருச்சி போனால் கோலாலம்பூருக்கு நேர் விமானம். பழைய நகரத்து ஹோட்டலில் தங்கி வெள்ளைக் காபி குடித்தால் ஊர் தெரியாது. புந்தோங்கில் ஓர் அறை எடுத்து, மழை வலுக்கும் அக்டோபர், நவம்பரில் இருந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஏ.சி. ஓடும் மாதத்து மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். கார் இல்லாமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வர முடிகிறதா என்று சோதியுங்கள்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சம்பாதித்துச் சேர்த்தவருக்கு ஈப்போ யோசிக்கத் தகுந்த ஊர். ரூபாய்ப் பென்ஷன்காரர் ஒரு மாதம் சுற்றிவிட்டு மயிலாடும்பாறைக்குத் திரும்புவதே நல்லது. அவர் பாஸ்போர்ட்டுக்கு வைப்புத்தொகை கேட்காத நாடு ஒன்று உண்டு: 1950 உடன்படிக்கையின்படி இந்தியர்கள் விசா இல்லாமலே குடியிருக்கக்கூடிய நேபாளம். அடுத்த வாரம் பொக்காரா.