அடுப்பை ஒட்டி விறகு வேண்டாம்



ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்திப்பட்டுப் பக்கம் வெளியே கிடக்கும் விறகு நனைஞ்சிடும். கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கு விறகடுப்பு மூட்டுகிற வீடுகள் உண்டு. "அடுப்புச் சூட்டுல காயட்டுமே" என்று ஈர விறகை அடுப்போரமே அடுக்கிடுறோம். ஆபத்து இதில்தான்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போயிடும், புகையும் அதிகம். எனவே காய வைப்பது நல்லது. ஆனால் அடுப்போரம் தினமும் சூடுபட்ட விறகு, ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். எல்லாரும் தூங்கும்போது தணலிலிருந்தும் தீப்பிடிக்கலாம்.

என்ன செய்யலாம்?

1. புரட்டாசி வெயிலிலேயே சவுக்கு, வேலிகாத்தான் விறகைப் பிளந்து காய வையுங்கள். பிளந்தது சீக்கிரம் காயும்.

2. தாழ்வாரத்தில் செங்கல் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். பக்கவாட்டில் காற்று போகட்டும்.

3. வீட்டுக்குள் அன்றைக்குத் தேவையானது மட்டும், அடுப்பிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். எடுக்கும்போது தட்டி எடுங்கள். தேள், பூரான் இருக்கும்.

4. சிராய், மண்ணெண்ணெய் அடுப்பருகே வேண்டாம். படுக்கும் முன் தணலைத் தண்ணீர் தெளித்து அணையுங்கள்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். மை, பேஸ்ட் தடவாதீங்க. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

வருஷக்கணக்கா சேமிச்சு வாங்கிய பொருள் ஒரு பொறியில் போயிடக் கூடாது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.