ராஜாவை எப்போது சாய்க்கலாம்?



"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்பார்கள் பெரியவர்கள். செஸ் போர்டுக்கு முன்னால் மட்டும் நாம் எல்லோரும் கன்னத்தில் கை வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம்! அது பரவாயில்லை. ஆனால் கப்பல் நிஜமாகவே கவிழ்ந்துவிட்டதா, இல்லை கொஞ்சம் தண்ணீர்தான் உள்ளே வந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே பாதிப் பேர் கடலில் குதித்துவிடுகிறார்கள். ராணி போச்சா? "சரிப்பா, நீ ஜெயிச்சுட்டே" என்று எழுந்து போய்விடுகிறார்கள். இப்படி ஆட்டம் முடியும் முன்பே தோல்வியை ஒப்புக்கொள்வதற்குத்தான் 'ரிசைன்' செய்வது என்று பெயர்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். நீங்கள் ரிசைன் என்று சொன்ன அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. "இல்லப்பா, இப்பதான் ஒரு நல்ல மூவ் கண்ணில் பட்டது" என்று திரும்ப உட்கார முடியாது. ஆட்டத்தில் மற்ற எந்தத் தவறுக்கும் மாற்று வழி தேடலாம். இதற்கு மட்டும் கிடையாது. அதனால்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1902-ல் மான்டி கார்லோ போட்டியில் பொப்பியல் என்பவருடன் கறுப்புக் காய்களில் ஆடினார் கியோர்க் மார்க்கோ. அவருடைய பிஷப் ஒன்று மாட்டிக்கொண்டது. எப்படிப் பார்த்தாலும் அது போய்விடும் என்று நினைத்து ரிசைன் செய்துவிட்டார். ஆனால் அதே பிஷப்பை ஜி1 கட்டத்துக்கு, அதாவது எதிரி ராஜாவின் பக்கத்துக் கட்டத்துக்கே நகர்த்தியிருந்தால்? ஒரு பக்கம் மேட் மிரட்டல், இன்னொரு பக்கம் வெள்ளை ராணி வெட்டுப்படும். இரண்டையும் ஒரே மூவில் தடுக்க முடியாது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டார் மனிதர்! பிஷப்பைக் காப்பாற்றுவது எப்படி என்று தேடினாரே தவிர, அதை வைத்து அடிப்பது எப்படி என்று தேடவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை 1963-ல் நியூயார்க்கில், அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் நடந்தது. ரெஷவ்ஸ்கியுடன் ஆடிய லாரி எவன்ஸ் தோற்கும் நிலைமை. அவர் ரிசைன் செய்யவில்லை. தன் ராஜா எங்கும் நகர முடியாது, சிப்பாய்களும் நகர முடியாது என்பதைக் கவனித்தார். சட்டென்று ராணியைக் கொண்டுபோய் பலி கொடுத்தார். அடுத்து யானையையும் நீட்டினார். அதை வெட்டினால் எவன்ஸுக்கு மூவே இல்லை, ஸ்டேல்மேட், டிரா. வெட்டாவிட்டால் யானை செக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதுவும் டிரா! இருக்கும் காயை எல்லாம் இழப்பதே வழியாக அமைந்த விசித்திரம் இது.

அப்படியானால் கடைசி வரைக்கும் ரிசைனே செய்யக் கூடாதா? அதுவும் இல்லை. நம்ம ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு ஜாப் சரியில்லை என்றால் உடனே ஸ்கிராப் பெட்டியிலா போடுகிறோம்? வெர்னியர் வைத்து அளக்கிறோம். ஓவர்சைஸ் என்றால் இன்னும் அரம் போடலாம். அண்டர்சைஸ் என்றால்தான் ஸ்கிராப். செஸ்ஸிலும் அளந்து பார்க்க மூன்று கேள்விகள் உண்டு.

ஒன்று: எதிராளி எப்படி ஜெயிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிகிறதா? போர்டை மனசுக்குள் திருப்பி வைத்து, அவர் இடத்தில் நான் இருந்தால் கடைசி வரை ஆடி ஜெயிப்பேனா என்று கேளுங்கள். "தெரியலையே" என்று பதில் வந்தால் ரிசைன் செய்ய உங்களுக்கு உரிமையே இல்லை. அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்! உதாரணத்துக்கு, ராஜாவும் பிஷப்பும் குதிரையும் மட்டும் வைத்து மேட் செய்வது பயிற்சி இல்லாதவர்களுக்குப் பெரிய பாடு. காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் இருவரும் ஆளுக்கு 50 மூவ் ஆடிவிட்டால் நீங்கள் டிரா கேட்கலாம்.

இரண்டு: டிராவுக்கு ஏதாவது சந்து இருக்கிறதா? ஸ்டேல்மேட், ஓயாத செக், எதிராளியிடம் மேட் செய்யப் போதுமான காய் இல்லாமை என மூன்றையும் தேடுங்கள். ஒரு பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும் வைத்திருப்பவர் ஜெயித்துவிடுவார் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சிப்பாய் ராணியாகும் கட்டம் பிஷப் ஓடும் நிறத்தில் இல்லை என்றால், உங்கள் ராஜா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், டிராதான். கடிகாரத்தையும் பாருங்கள். அவருக்கு நேரம் தீர்ந்து, உங்களிடம் ஒரே ஒரு சிப்பாய் மிச்சம் இருந்தால்கூடப் பொதுவாக நீங்கள்தான் ஜெயித்தவர்.

மூன்று: எழுந்து போகச் சொல்வது போர்டா, என் மனசா? இதுதான் கஷ்டமான கேள்வி. நம்மில் பலர் கோச்சிங் போய் செஸ் கற்றவர்கள் இல்லை. தொலைந்துபோன சிப்பாய்க்குப் பதிலாகச் சட்டைப் பட்டனை வைத்து ஹாஸ்டல் வராந்தாவில் கற்றவர்கள். ரேட்டிங் உள்ள பையன் எதிரே வந்து உட்கார்ந்தாலே "இவன்கிட்ட தோத்தா என்ன கேவலம், சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடலாம்" என்று தோன்றும். சுற்றி நான்கு பேர் நின்று பார்த்தால் இன்னும் மோசம். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து கொடுக்கிற ரிசைனுக்கும் போர்டில் உள்ள நிலைமைக்கும் சம்பந்தமே இல்லை. அதிலும் அணிப் போட்டி என்றால் உங்கள் அரைப் புள்ளி உங்களுடையது மட்டுமல்ல. பக்கத்து போர்டில் மூன்று மணி நேரமாகப் போராடுகிறவனுடையதும்தான்.

மூன்று கேள்விக்கும் பதில் 'தோல்வி' என்றே வந்தால்? கௌரவமாக ஒப்புக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். அதுவரை இருவரும் சம புள்ளி. ஆட்டம் டிரா ஆகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒரு சிப்பாய் மட்டும் கூடுதலாக வைத்திருந்த நம்ம சென்னை குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது மூவில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் மாறின, பிஷப்புகளும் மாறின, மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. அந்த நிலையில் எந்தச் சந்தும் கிடையாது, எதிரே இருப்பவருக்கு வழியும் தெரியும். 58-வது மூவோடு டிங் ரிசைன் செய்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்! அன்று டிங் செய்தது சரியான ரிசைன்.

வழி தெரிந்த எதிராளிக்கு முன்னால், வெறும் கோபத்தில் ஒவ்வொரு மூவுக்கும் பத்து நிமிஷம் இழுத்துக்கொண்டு உட்காருவது அழகல்ல. அந்த நேரத்தில் போய் டீ குடித்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குத் தயாராகலாம்.

கடைசியாகச் சில நடைமுறைகள். ரிசைன் செய்ய முடிவெடுத்தால் வாயைத் திறந்து "ரிசைன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே கையை நீட்டினால் டிரா கேட்கிறீர்கள் என்று எதிராளி நினைக்கக்கூடும். கடிகாரத்தை நிறுத்துங்கள், கை கொடுங்கள், ஸ்கோர் ஷீட்டில் முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காயைத் தட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். முடிந்தால் "நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். காசில்லாமல் கிடைக்கிற கோச்சிங் அது ஒன்றுதான்!

அதற்கு முன்னால், ராஜாவைச் சாய்க்கக் கை போகும்போது ஒரு நிமிஷம் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூன்று கேள்வியையும் இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.