இரண்டு ஆண்டு ஒப்பந்தம், பதின்மூன்று ஆண்டு உழைப்பு

1884-ல் பாஸ்டன் நகரத்துப் பெரியவர்கள் சிலர் நியூயார்க் சிற்பி ஒருவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். உள்நாட்டுப் போரில் இறந்த ஒரு கர்னலுக்கு நினைவுச் சின்னம் வேண்டும். தொகை 15,000 டாலர், கெடு இரண்டு ஆண்டு. சிலைக்குழுவினர் கேட்டுப் பார்த்தார்கள், கடிந்து பார்த்தார்கள். சிற்பி ஒவ்வொரு முறையும் களிமண்ணைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். கடைசியில் திரை விலகியது 1897 மே 31 அன்று. அந்தத் தாமதத்துக்கு அமெரிக்கா கடமைப்பட்டிருக்கிறது என்றே சொல்வேன். நாட்டின் ஆகச் சிறந்த பொதுச் சிற்பம் எது என்று என்னைக் கேட்டால், பாஸ்டன் பீக்கன் தெருவில் நிற்கும் அதைத்தான் காட்டுவேன்.

சிற்பியின் பெயர் அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ். பிறந்தது 1848-ல், அயர்லாந்தின் டப்ளினில். உருளைக்கிழங்குப் பஞ்சம் அந்த நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம். அப்பா பிரான்ஸிலிருந்து பிழைக்க வந்த காலணித் தொழிலாளி, அம்மா ஐரிஷ்காரர். கைக்குழந்தை ஆறு மாதமாக இருக்கும்போதே கப்பல் ஏறிவிட்டார்கள். நியூயார்க்கில் அப்பா பெண்களுக்கான காலணிக் கடை போட்டார். பிள்ளை 13 வயதில் வேலைக்குப் போனான்.

போன இடம் ஒரு கேமியோ பட்டறை. ரத்தினக் கல்லிலும் சங்கிலும் மனித முகத்தைப் புடைப்பாகச் செதுக்கி நகையில் பதிக்கும் தொழில் அது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய இடத்தில் நெற்றியும் மூக்கும் உதடும் வர வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டினால் கல் வீண். முதலாளி முன்கோபி. மதியச் சாப்பாட்டின் துணுக்குகளைத் தரையில் சிந்தினான் என்று ஒருநாள் பையனை வெளியே அனுப்பிவிட்டார். பிறகு அவரே வீடு தேடி வந்து சம்பளம் கூட்டித் தருவதாக அழைத்தபோது பையன் போக மறுத்துவிட்டான். அடுத்துச் சேர்ந்த பட்டறையில் களிமண் பிடித்துப் பழகவும் நேரம் கிடைத்தது. இரவில் கூப்பர் யூனியனில் ஓவிய வகுப்பு. 1867-ல் பாரிஸ், 1870-ல் ரோம். அங்கெல்லாம் அவருக்குச் சோறு போட்டது அதே கேமியோதான்.

அட்மிரல் ஃபாரகட் சிலை 1881-ல் நியூயார்க்கில் திறந்ததும் பெயர் பரவியது. 1887-ல் சிகாகோவில் லிங்கன். சிறுவனாக லிங்கனை ஊர்வலத்தில் பார்த்தவர். 1865-ல் அவர் உடல் நியூயார்க்கில் வைக்கப்பட்டபோது வரிசையில் நின்று பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடியும் வரிசையில் போய் நின்றவர். நாற்காலியிலிருந்து எழுந்து, தலை கவிழ்ந்து, பேச வாய் திறப்பதற்கு முந்தைய கணத்தில் நிற்கும் லிங்கனை அவர் செய்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தச் சிலையின் பிரதி லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் நிற்கிறது.

பாஸ்டனுக்குத் திரும்புவோம். சின்னம் கேட்கப்பட்ட அந்தக் கர்னல், ராபர்ட் கூல்ட் ஷா, 25 வயது வெள்ளை இளைஞர். அவர் நடத்திச் சென்ற 54-ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் வீரர்கள் கறுப்பினத்தவர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர் சம்பளம், இவர்களுக்குப் பிடித்தம் போக 7. ‘சமமாகக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லையேல் வேண்டாம்’ என்று சம்பளமே வாங்காமல் போரிட்டவர்கள் இவர்கள். 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையைத் தாக்கிய சுமார் 600 பேரில் 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காயம்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். எதிரிகள் ஷாவை அவமதிப்பதாக எண்ணி வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். அதைவிடப் புனிதமான இடம் என் மகனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் தந்தை.

அதே வாரம் நியூயார்க்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. கும்பலில் பெரும்பாலோர் ஏழை ஐரிஷ் தொழிலாளர்கள். அவர்கள் கறுப்பின மக்களைத் தெருவில் அடித்துக் கொன்றார்கள். 54-ஆவது படையின் சார்ஜென்ட் ராபர்ட் சிம்மன்ஸின் சகோதரி மகனும் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டான். சிம்மன்ஸோ வாக்னர் கோட்டையில் படுகாயத்தோடு சிறைபட்டு இறந்தார். அப்போது அதே நகரத்தில் கேமியோ செதுக்கிக்கொண்டிருந்த 15 வயது ஐரிஷ் பையன்தான், பின்னாளில் சிம்மன்ஸின் தோழர்களை வெண்கலத்தில் வார்த்தான்.

சிற்பி முதலில் நினைத்தது குதிரைமேல் ஒரு கர்னல், அவ்வளவே. வீரர்களை விட்டுவிட்டுத் தங்கள் மகனை மட்டும் உயர்த்திக் காட்டுவதை ஷா குடும்பம் ஏற்கவில்லை. அந்த மறுப்பு சிற்பத்தையே மாற்றியது. நியூயார்க் தெருக்களில் கறுப்பின ஆண்களைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்து உட்காரவைத்துச் சுமார் 40 தலைகளைக் களிமண்ணில் பிடித்தார் செயின்ட்-காடன்ஸ். சிற்பத்துக்கு அவற்றில் சிலவற்றையே எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் உழைப்பு புரியும். முன்னால் முரசு அடிக்கும் சிறுவன். பின்னால் தாடி வைத்த நடுவயதுக்காரர், மீசை அரும்பிய இளைஞன். முதுகில் சுருட்டிக் கட்டிய போர்வை, இடுப்பில் தண்ணீர்க் குடுவை, மடிந்து கசங்கிய கால்சட்டை. ஒருவர் முகம் இன்னொருவருக்கு இல்லை. குதிரையும் கர்னலும் ஏறக்குறைய முழு உருவமாக வெளியே வந்து நிற்க, முன்வரிசை வீரர்கள் பாதி எழும்பி, பின்வரிசை மெல்லிய கோடாக உலோகத்துக்குள் கரைகிறது. துப்பாக்கிகள் ஒரே சாய்வில் காடுபோல் எழுகின்றன. கையகலச் சங்கில் ஆழத்தைக் காட்டப் பழகிய கண்தான் 14 அடி அகல வெண்கலத்தில் ஒரு படையையே நடக்கவைத்திருக்கிறது.

அதுவரை அமெரிக்கப் பொதுச் சிலைகளில் கறுப்பின மனிதர் என்றால் பெரும்பாலும் விலங்கொடிந்து மண்டியிட்டவர்தான். இங்கே நிமிர்ந்து நடக்கிறார், ஆயுதத்தோடு. ஆனால் செயின்ட்-காடன்ஸை உத்தமராக்கவும் எனக்கு மனமில்லை. தன் நினைவுக் குறிப்புகளில் அந்த மாடல்களைப் பற்றி அந்தக் கால வெள்ளையரின் ஏளனத்தோடுதான் எழுதியிருக்கிறார். அவர் கை உணர்ந்ததை அவர் வாய் உணரவில்லை.

பாஸ்டனில் திறந்த பிறகும் அவர் விடவில்லை. சுதைப் பிரதியைத் தொடர்ந்து திருத்தினார். ஷா சிற்பம் முடியாமல் இருந்த காலத்திலேயே, வரலாற்றாசிரியர் ஹென்றி ஆடம்ஸ், தற்கொலை செய்துகொண்ட மனைவியின் கல்லறைக்குச் சிலை கேட்டபோது, கீழை நாட்டு பௌத்தச் சிலைகளின் அமைதியை மனதில் வைத்து முக்காடிட்ட ஓர் உருவத்தை 1891-ல் வாஷிங்டனில் செய்து தந்தார். அதில் பெயர் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. 1900-ல் புற்றுநோய் தெரியவந்தது. ஆனாலும் தியோடர் ரூஸ்வெல்ட் கேட்டதற்காக 20 டாலர் தங்க நாணயம் வடிவமைத்தார். டப்ளினுக்காக ஐரிஷ் தலைவர் பார்னல் சிலையும் செய்தார். 1907-ல் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷில் இறந்தார். பார்னல் சிலை 1911-ல், அவர் பிறந்த ஊரில் திறக்கப்பட்டது.

பாஸ்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பெற்றோர் இன்று நிறையப் பேர். மாநில அரசு மாளிகைக்கு நேர் எதிரே இந்தச் சிற்பம் இருக்கிறது, டிக்கெட் கிடையாது. முன்பக்கம் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். பூங்காவுக்குள் இறங்கிப் பின்பக்கம் போங்கள். 1897-ல் அங்கே பொறிக்கப்பட்டவை இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே. வாக்னர் கோட்டையில் மாண்ட 60-க்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்களின் பெயர்கள் 1982-ல்தான் சேர்க்கப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு வாருங்கள்.