மனைக்கல் நடும் முன் ஓடையைப் பாருங்கள்! தருமபுரியின் புதிய நகர்களுக்கு ஆரோவில் சொல்லும் பாடம்

பெங்களூரு - சேலம் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரியைக் கடந்து போகிறவர்களுக்கு மனை விற்பனைப் பலகைகள் புதிதல்ல. பெயரில் 'கிரீன்', 'கார்டன்', 'நேச்சர்' என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும். படத்தில் புல்வெளி, பூச்செடிகள், சைக்கிள் ஓட்டும் குழந்தை எல்லாம் இருக்கும்.

பலகையில் தெரிவது இனிமேல் வரப்போகும் பசுமை. அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒரு பசுமை இருந்திருக்கும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சின்ன ஓடை, அதன் கரையில் வரிசையாகப் பனைகள், தாத்தா காலத்துப் புளியமரம், ஒரு மாந்தோப்பு, ஆடு மேயும் கரட்டு ஓரம். பொக்லைன் இறங்கிய ஒரு வாரத்தில் இவை எல்லாம் சமதளமாகிவிடும். அதன் பிறகு ரோட்டோரம் நர்சரிக் கன்றுகளை நட்டு, 'இயற்கைச் சூழலில் இல்லம்' என்று விற்பனை தொடங்கும்.

தோட்ட நகர் அமைப்பதில் தவறில்லை. வீடு எல்லோருக்கும் வேண்டும். ஆனால், எதைக் காப்பாற்றுவது என்பதை எப்போது முடிவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனைக்கல் நட்ட பிறகு யோசித்தால், காப்பாற்ற எதுவும் மிச்சம் இருக்காது.

ஏன் இப்போது தருமபுரி?

தருமபுரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காடு. மேற்கே காவிரியும் ஒகேனக்கலும், கிழக்கே அரூர் பக்கம் சித்தேரி மலை, நடுவே வத்தல்மலை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி கிராமங்களில்தான் வாழ்கிறது.

இந்தப் படம் மாறத் தொடங்கிவிட்டது. ஓசூரின் தொழில் வளர்ச்சி தெற்கு நோக்கி நகர்கிறது. நல்லம்பள்ளி வட்டத்தில் அதகப்பாடி, தடங்கம், பாலஜங்கமனஹள்ளி கிராமங்களை உள்ளடக்கி, சுமார் 1,700 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை வந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் வீடுகள் வேண்டும். அந்த வீடுகள் பெரும்பாலும் விளைநிலத்திலும் மேட்டு நிலத்திலும்தான் வரப்போகின்றன.

அதாவது, திட்டமிட இன்னும் நேரம் இருக்கிறது. சென்னையின் பள்ளிக்கரணைக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

ஓர் ஏக்கரில் 34 லட்சம் லிட்டர்

தருமபுரியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கணக்குப் போட்டால், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 34 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. 100 ஏக்கர் நகர் என்றால் 34 கோடி லிட்டர்.

இந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். ஒரு பகுதி ஆவியாகும். மீதி ஓடை வழியாக ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறும். மேட்டு நிலத்தை மட்டப்படுத்தி, ஓடையை மூடி, தார் ரோடு போட்டுவிட்டால் தண்ணீர் இரண்டு விதமாகப் பழிவாங்கும். மழை நாளில் தாழ்வான மனைகளுக்குள் புகும். கோடையில் கீழே இருக்கும் ஏரி வறண்டு, போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்க வேண்டி வரும்.

தருமபுரியில் ஆழமான போர்வெல் என்பது வெறும் செலவுக் கணக்கு அல்ல. இங்குள்ள பாறைகளில் ஃப்ளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பற்களில் கறையும், எலும்புகளில் பாதிப்பும் வந்தவர்கள் பல கிராமங்களில் இருக்கிறார்கள். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரித் தண்ணீரை இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் மாவட்டத்தில், இலவசமாக வரும் மழைநீரின் வழியை அடைப்பது எந்த வகையில் நியாயம்?

'கார்டன் சிட்டி'யின் அசல் அர்த்தம்

இன்று விளம்பரங்களில் வரும் 'கார்டன் சிட்டி' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர் எபினேசர் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். 1898-ல் தன் யோசனையைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் போட்ட கணக்கு இதுதான். மொத்தம் 6,000 ஏக்கர். அதில் நகரத்துக்கு 1,000 ஏக்கர் மட்டும். மீதி 5,000 ஏக்கரும் வயல், தோப்பு, மேய்ச்சல் நிலம். 32,000 பேர் வாழலாம். இந்த யோசனையின் அடிப்படையில் 1903-ல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த் நகரம் உருவாகத் தொடங்கியது.

ஆறில் ஐந்து பங்கை விட்டுவைத்ததால்தான் அது தோட்ட நகரம். நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் நாலு பூந்தொட்டி வைத்ததால் அல்ல.

செம்மண் பொட்டலில் வளர்ந்த காடு

ஹோவர்டின் கணக்கு இங்கிலாந்துக்குச் சரி, நம் மண்ணுக்கு ஒத்து வருமா? தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஆரோவில்.

1968 பிப்ரவரி 28-ம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அந்த இடம் பெரும்பகுதி மரமில்லாத செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து, பள்ளம் பள்ளமாக அரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்செ, 50,000 பேருக்கான நகரத்தை வட்ட வடிவில் வரைந்தார். நடுவில் நகரம், அதைச் சுற்றிப் பசுமை வளையம். அந்த மேட்டில் தனியாக நின்ற ஓர் ஆலமரம் நகரத்தின் மையத்தில் இடம்பிடித்தது. இன்றைக்கும் மாத்ரிமந்திர் அருகே விழுதுகள் விட்டு நிற்கிறது.

அங்கே குடியேறியவர்கள் மாளிகை கட்டத் தொடங்கவில்லை. முதலில் தண்ணீரை நிறுத்தினார்கள். சரிவுகளில் வரப்பு போட்டார்கள். ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். வேகமாக வளரும் அகேசியா மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகு அந்த நிழலில் வீரை, பாலை, கருங்காலி போன்ற நாட்டு மரங்களை வளர்த்தார்கள். அதற்கான விதைகளில் பல, சுற்றுவட்டாரக் கோயில் காடுகளிலிருந்து வந்தவை. லட்சக்கணக்கான மரங்கள் வளர்ந்தன. பறவைகள் திரும்பின. இந்த வேலையில் பக்கத்துக் கிராமத்து மக்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

முதலில் நீர், பிறகு மரம், பிறகு வீடு. இந்த வரிசை வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் கிடையாது.

கோடு முதலா, மரம் முதலா?

ஆனால் ஆரோவில் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. பொட்டலாக இருந்தபோது வரைந்த வட்டங்கள் காகிதத்தில் அப்படியே இருந்தன. 2001-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மாஸ்டர் பிளான், 2010-ல் அரசிதழிலும் வெளியானது. அதில் 'கிரவுன் ரோடு' என்ற வட்டச் சாலை இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சாலை போக வேண்டிய இடத்தின் சில பகுதிகளில் காடு வளர்ந்துவிட்டது.

2021 டிசம்பரில் அந்தச் சாலைக்காகப் பொக்லைன்கள் மரங்களைச் சாய்த்தபோது குடியிருப்பாளர்களே குறுக்கே நின்றார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை கட்டுமானத்தைத் தொடரக் கூடாது என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. 2025 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இந்த விஷயத்தில் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்பதுடன், வளர்ச்சிக்கான உரிமையும் தூய்மையான சுற்றுச்சூழலுக்கான உரிமையும் சமநிலையில் இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது.

இரண்டு தரப்பிலும் வாதம் இருக்கிறது. 50,000 பேருக்கான நகரத்தில் இன்னும் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள், சாலை இல்லாமல் நகரம் எப்படி வளரும் என்பது ஒன்று. சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டால் மரங்கள் தப்புமே என்பது இன்னொன்று. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, நமக்கு வேண்டிய பாடம் வேறு. கோட்டை முதலில் போட்டுவிட்டால், பிறகு மரமும் சாலையும் நீதிமன்றத்தில்தான் சந்திக்க வேண்டி வரும். அதுவும் பசுமையை உயிராக நினைக்கும் ஓர் ஊரிலேயே!

யானைக்குத் தெரியாத எல்லைக்கல்

தருமபுரிக்கு ஆரோவிலில் இல்லாத ஒரு பொறுப்பும் உண்டு. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து, 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகக் காடுகளுடன் தொடரும் யானைகளின் வாழிடம் அது.

அடுத்த சில மாதங்களில் நடந்தது நினைவிருக்கலாம். 2023 மார்ச் 7-ம் தேதி, மாரண்டஹள்ளி அருகே விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அதே மாதம் 18-ம் தேதி, கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மீது ஏறிய ஒரு யானை, மேலே சென்ற மின்கம்பியில் உரசி உயிரிழந்தது. அந்த வீடியோ பலரது செல்போனுக்கும் வந்தது.

காட்டோரம் புதிதாக முளைக்கும் ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவரும் ஒவ்வொரு மின்கம்பியும் யானையின் வழியை இன்னொரு பக்கம் திருப்பிவிடும். அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஓர் ஏழை விவசாயியின் ராகிக் காடாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இதற்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகவே தர வேண்டும்.

50 ஹெக்டேர், அதாவது சுமார் 123 ஏக்கருக்கு மேற்பட்ட நகரியத் திட்டங்களுக்கு, 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். ஆனால் 20 ஏக்கர், 30 ஏக்கர் என்று தனித்தனி மனைப்பிரிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், தனித்தனியாக எதுவும் அந்த அளவைத் தொடாது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு பெரிய நகரமே வந்திருக்கும்.

10 சதவீதம் என்பது அளவை மட்டும்தான் சொல்கிறது. பூங்காவுக்கு மூலையில் கோணல்மாணலாக மிஞ்சிய துண்டைக் கொடுத்தாலும் கணக்கு சரியாகிவிடும். அதே 10 சதவீதத்தை ஓடையின் இரு கரையிலும் நீளமாக விட்டால், பூங்காவும் ஆச்சு, வெள்ளத் தடுப்பும் ஆச்சு, பனைகளும் பிழைக்கும். ஒரு ரூபாய் கூடுதல் செலவு கிடையாது. வரைபடம் போடுகிறவர் முதலில் நிலத்தை நடந்து பார்த்தால் போதும்.

வரிசை இப்படி இருக்கட்டும்

* முதலில் தண்ணீர். ஓடை, வரத்துக்கால்வாய், ஏரி, குட்டை, கிணறு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும்.
* அடுத்து மரங்கள். பெரிய மரங்களை எண்ணி, இடம் குறிக்க வேண்டும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவித்துவிட்டது.
* பிறகு பாதைகள். யானை வரும் வழி, ஆடு மாடு போகும் வழி, பக்கத்து ஊர்க்காரர்கள் பயன்படுத்தும் வண்டிப்பாதை.
* இவை போக மிஞ்சும் இடத்தில் சாலை. சரிவைக் குறுக்கே வெட்டாமல், அதை ஒட்டிப் போக வேண்டும்.
* கடைசியாக மனைகள்.

மனை வாங்கும் குடும்பம் என்ன செய்யலாம்?

சேமித்த காசையும் நகைக் கடனையும் போட்டு மனை வாங்கும் குடும்பத்துக்கு இது ரசனை சார்ந்த விஷயம் இல்லை. பணம் சார்ந்தது.

டி.டி.சி.பி. ஒப்புதலும் 'ரெரா' பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைகளுக்கு மேல் உள்ள மனைப்பிரிவுக்கு 'ரெரா' பதிவு கட்டாயம்.

அதோடு நிற்காதீர்கள். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் புலப்பட நகலையும் அ-பதிவேட்டு விவரத்தையும் எடுக்கலாம். நீங்கள் பார்க்கும் மனைக்குள்ளோ பக்கத்திலோ ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், வண்டிப்பாதை என்று ஏதாவது இருந்தால், நேரில் போய் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். காகிதத்தில் ஓடை இருந்து, தரையில் காணவில்லை என்றால் அங்கே பணத்தைப் போடாதீர்கள். தண்ணீர் தன் வழியை மறக்காது.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் யாரிடமாவது, "இங்கே தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். எந்த விளம்பரக் கையேட்டிலும் இல்லாத தகவல் அது.

கடைசியாக விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இடத்தில் முன்பு இருந்த மரங்களில் எத்தனையை விட்டுவைத்திருக்கிறீர்கள்?" பத்துக் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால், பதினோராவது மனைப்பிரிவின் வரைபடம் கொஞ்சம் மாறும்.