தண்ணீர் கேளாத எஞ்சின்

ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் உருவான வோல்க்ஸ்வேகன் பீட்டில் காரைப் பலர் அதன் வண்டு வடிவுக்காக விரும்புகின்றனர். நான் விரும்புவது அதன் பின்புறத்து எஞ்சினை. அதற்கு ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் வேண்டா. டைனமோவின் அச்சில் பூட்டிய காற்றாடி, தகட்டு உறைகளின் வழியே காற்றைச் செலுத்தி நான்கு சிலிண்டர்களையும் குளிர்விக்கிறது. இரண்டையும் சுழற்றுவது ஒரே பெல்ட்டு. ஆகையால் ஓட்டத்தின் நடுவே டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், மின்சாரம்தானே என்று மேலே செல்லலாகாது. பெல்ட்டு அறுந்து காற்றும் நின்றிருக்கலாம்.

மாணவ நண்பர்களே, பழைய காரைப் புதுப்பிப்போர் சிலர் அழகு கருதி அத்தகட்டு உறைகளைக் கழற்றிவிடுகின்றனர். எனக்கு இது உடன்பாடன்று. அவை காற்றுக்கென வெட்டிய வாய்க்கால்கள். கரையை இடித்தால் பாய்ச்சல் கெடுமன்றோ? பழைய எஞ்சின்களில் மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை எண்ணெய்க் குளிர்விப்பான் மறித்து நின்றது. அதனால் அச்சிலிண்டரில் வெப்பம் மிகுதி. வால்வும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கெடும். 1971ஆம் ஆண்டு மாதிரியில் குளிர்விப்பானைத் தொழிற்சாலையே விலக்கி வைத்தது. சிலிண்டரைப் பெரிதாக்கி வேகம் கூட்ட விரும்புவோர், கூடும் வெப்பம் எவ்வழியே வெளியேறும் என்பதை முன்னரே எண்ணுதல் வேண்டும்.

2003ஆம் ஆண்டு மெக்சிகோவில் இக்காரின் உற்பத்தி முடிவுற்றது. என்னிடமுள்ள 1965ஆம் ஆண்டு வண்டிக்கு, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டரை லிட்டர் எண்ணெய் மாற்றுகிறேன். வால்வு இடைவெளியை எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும் விடியற்காலையில் பார்ப்பது வழக்கம். எண்ணெய் வடிகட்டும் கம்பிவலையையும் கழுவுவேன். அதில் உலோகத் துகள் மின்னினால், காரணம் தெரியும்வரை காரை வெளியே எடுப்பதில்லை.